புல்லாக்கும் பணி ஆணையும்

மூக்கின் நடுச்சுவரில் துளையிட்டு அணிவது புல்லாக்கு. மூக்குத்தி பக்க மடலில் அமரும். புல்லாக்கு இரண்டு நாசித் துளைகளுக்கும் நடுவே, மேலுதட்டுக்குச் சற்று மேலே தொங்கும். இன்றைய கல்லூரி வளாகத்திலும் டாட்டூ ஸ்டூடியோவிலும் இதற்குச் ‘செப்டம்’ என்றே பெயர். சட்டம், மருத்துவம், கணக்குத் தணிக்கை, பொறியியல் என்று ஒரு தொழிலை நோக்கிப் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணோ பையனோ இதைக் குத்திக்கொள்ள வேண்டும் என்று வாயெடுத்தால், வலியைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை. “இதோடு இன்டர்வியூவுக்குப் போனால் வேலை கொடுப்பார்களா?” என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எந்தத் தொழில், எந்த நாடு, குத்தி எத்தனை மாதம் ஆயிற்று, போட்டிருப்பது எந்த வடிவ நகை என்பதைப் பொறுத்து அதற்கான விடை மாறும்.

ஊசி போகும் இடம்

மூக்கின் நடுச்சுவர் பெரும்பாலும் எலும்பும் குருத்தெலும்பும் ஆனது. ஆனால் அதன் முன்னோரத்தில், மூக்கின் அடியில் விரலால் பிடித்தால் தட்டுப்படும் சதைத் தூணுக்கும் குருத்தெலும்பின் விளிம்புக்கும் நடுவே, மெல்லிய சவ்வுப் பகுதி ஒன்று இருக்கிறது. தேர்ந்த கை ஊசியை அந்தச் சவ்வில்தான் செலுத்தும். ரத்த ஓட்டமுள்ள மென்மையான திசு என்பதால் அங்கே வலியும் குறைவு, புண்ணும் சீக்கிரம் ஆறும். குருத்தெலும்பு அப்படியல்ல. அதற்கென்று ரத்தக் குழாய் கிடையாது; சுற்றியிருக்கும் உறையிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. ஊசி தவறி அதில் பாய்ந்தால் ஆற நாளாகும். உறைக்கடியில் ரத்தமோ சீழோ தேங்கிவிட்டால் குருத்தெலும்பே அழிந்து மூக்குத்தண்டு உள்வாங்கிவிடலாம். அரிதாக நடப்பதுதான் என்றாலும், நடந்துவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.

நடுச்சுவர் ஒரு பக்கமாக வளைந்திருப்பது பலருக்கும் உள்ளதுதான். வளைந்த சுவரில் நேராகக் குத்தினாலும் வளையம் கோணலாக நிற்கும். சவ்வுப் பகுதி மிகக் குறுகலாக இருப்பவர்களும் உண்டு. நேர்மையான பியர்சர், அதாவது துளையிடும் தொழில் செய்பவர், இத்தகையவர்களிடம் “உங்கள் மூக்குக்கு இது சரிவராது” என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடமே போக வேண்டும். சைனஸ் தொல்லையோ ஓயாத தும்மலோ உள்ளவர்கள் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் உடம்பில் எங்குமே துளையிடக் கூடாது. ரத்தத்தில் கலக்கும் கிருமி இதயத்தின் உள்ளுறையைத் தாக்கக்கூடும்.

வழக்கமாக முதலில் போடும் நகையின் கம்பி 16 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தடிமன்; சிலர் 14 கேஜ், 1.6 மில்லிமீட்டர் போடுகிறார்கள். வடிவங்களில் முக்கியமானவை மூன்று. ஒன்று முழு வளையம். இன்னொன்று இரு முனையிலும் குண்டு வைத்த லாட வடிவக் கம்பி. மூன்றாவது ரிடெய்னர் எனப்படும், குண்டில்லாத ‘ப’ வடிவக் கம்பி. வேலை தேடுபவருக்குப் பின்னவை இரண்டும்தான் முக்கியம். லாடத்தையும் ரிடெய்னரையும் மேல்நோக்கித் திருப்பினால் நாசித் துளைக்குள் ஒளிந்துகொள்ளும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. புருவத்திலோ உதட்டிலோ மூக்கு மடலிலோ போட்ட நகைக்கு இந்த வசதி இல்லை. முழங்கையில் குத்திய பச்சையை மறைக்க முழுக்கைச் சட்டை வேண்டும், அழிக்க லேசர் வேண்டும். முகத்தில் செய்துகொள்ளும் அலங்காரங்களில், வேண்டும்போது காட்டி வேண்டாதபோது மறைக்கக்கூடியது செப்டம் ஒன்றுதான். நகையைக் கழற்றியே விட்டாலும் தழும்பு மூக்குக்குள்தான் இருக்கும்.

பாட்டி அணிந்தது

புல்லாக்கு தமிழ்நாட்டுக்கு நேற்று வந்ததல்ல. அம்மன் அலங்காரத்தில் மூக்குத்தியோடும் நத்தோடும் புல்லாக்கும் சாத்துகிறார்கள். பரதநாட்டியக் கலைஞர்கள் மேடையேறும்போது முத்துத் தொங்கும் புல்லாக்கைத் துளையில்லாமலே செருகிக்கொள்கிறார்கள். நேபாளத்தில் ராய், லிம்பு, மகர், குருங் பெண்கள் இதைப் ‘புலாக்கி’ என்று அணிகிறார்கள். இமாச்சல மலைகளில் ‘புலாக்’. ஒடிசாவின் கோந்த் பழங்குடிப் பெண்கள் மூக்கின் இருபுறத்திலும் நடுவிலும் வளையம் போடுகிறார்கள்.

இருந்தாலும் இது சங்க காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அமராவதிச் சிற்பங்களிலோ சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலோ மூக்கணியைக் காண முடியாது. பழைய சமஸ்கிருத நூல்களின் நீண்ட நகைப் பட்டியல்களிலும் அது இல்லை. இதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான புனேயின் பி. கே. கோடே, மூக்கணி இந்தியாவில் பரவியது ஏறத்தாழ கி.பி. 1000-க்குப் பிறகுதான் என்ற முடிவுக்கு வந்தார். ஆக, பெரியவர்கள் ‘நம் மரபு’ என்று கொண்டாடும் மூக்குத்தியும் ஒரு காலத்தில் புதிதாக வந்து சேர்ந்ததுதான். மரபுக்குள் வந்தவற்றுக்கெல்லாம் ஒரு முதல் நாள் இருந்திருக்கிறது. இன்றைய இளைஞர்களின் செப்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

இப்போதைய அலை மேற்கிலிருந்து சுற்றி வந்தது. 1970-களில் லண்டனின் பங்க் இளைஞர்கள் முகத்தில் ஊசிகளையும் வளையங்களையும் அணிந்தார்கள். 1975-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஜிம் வார்டு தொடங்கிய ‘காண்ட்லெட்’ நிறுவனம், உடலில் துளையிடுவதை முறையான தொழிலாக்கியது; லாட வடிவக் கம்பி போன்ற இன்றைய நகைகள் பரவியதற்கு அந்தத் தலைமுறைதான் காரணம். 1994-ல் அமெரிக்காவில் பியர்சர்களின் தொழில்முறைச் சங்கம் உருவாகி ஊசி, உலோகம், பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தரம் வகுத்தது. பாட்டியிடம் மங்கலமாகவும் பங்க் இளைஞனிடம் எதிர்ப்பாகவும் இருந்த வளையம் இந்தியப் பெருநகரங்களில் இன்று ஒரே தெருவில் நடமாடுகிறது. நேர்முகத் தேர்வு நடத்துபவர் அதில் எதைக் காண்கிறார் என்பதில்தான் சிக்கல். மடலில் மின்னும் ஒற்றைக்கல் மூக்குத்தி அவர் கண்ணுக்கே தெரிவதில்லை. வீட்டில் அம்மாவும் மனைவியும் அணிவது. நடுவில் தொங்கும் வளையமோ ‘அடங்காதவள்’ என்று அவருக்குச் சொல்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் இடம் தள்ளியதும் மரியாதை மாறிவிடுகிறது. இதற்குத் திறமையோடு எந்தத் தொடர்பும் இல்லை.

ஆறும் காலம்

செப்டம் வெளிப்பார்வைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிட்டதுபோல் தெரியும். உள்ளே திசு முழுவதும் உறுதிப்பட மூன்று மாதமாகலாம்; சிலருக்கு ஆறு மாதம். தொழில் கனவோடு இருப்பவர்கள் கணக்கில் எடுக்க மறப்பது இந்தக் காலத்தைத்தான். ஆறாத துளையிலிருந்து நகையைக் கழற்றினால் சில மணி நேரத்திலேயே, சிலருக்குச் சில நிமிடங்களிலேயே, அது சுருங்கிவிடும். மறுபடி திணித்தால் புண்ணாகும். லாடத்தைத் தினமும் மேலும் கீழும் திருப்பிக்கொண்டிருந்தாலும் அதே கதிதான். மறைக்க வேண்டிய அவசியம் இருப்பவர்கள் முதல் நாளே ரிடெய்னரைப் போட்டு, மேல்நோக்கித் திருப்பி, ஆறும் வரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதே பியர்சர்கள் சொல்லும் வழி.

பராமரிப்பு எளிது. 0.9 சதவீத உப்புள்ள, கிருமி நீக்கிய சலைனை நாளுக்கு இரண்டு முறை தெளித்தால் போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தேயிலை மர எண்ணெய் எதுவும் வேண்டாம். புதிதாக வளரும் தோலை அவை எரித்துவிடும். கழுவாத கையால் தொடக் கூடாது. மனிதர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேரின் மூக்கில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. புண் கிடைத்தால் அதுவே நோய் தரும். சிவந்து வீங்கி, தொட்டால் நோகும்படி ஆகி, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆறிய பிறகும் வளையத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து லேசாக நாறும். குளிக்கும்போது கழுவினால் போய்விடும்.

உலோகத்தில் கஞ்சத்தனம் கூடாது. உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டேனியம் முதல் தேர்வு. 14 அல்லது 18 காரட் தங்கமும் சரிதான். மலிவு விலை வளையங்களில் நிக்கல் கலந்திருக்கும். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் விடாது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், துளையில் அணியும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று விதித்திருக்கிறது. காதுக்குப் பயன்படுத்தும் துப்பாக்கியால் மூக்கின் நடுவில் குத்த வேண்டாம். உறை பிரிக்காத புதிய ஊசியைக் கண்ணெதிரே பிரித்துத்தான் குத்த வேண்டும். கருவிகளை ஆட்டோகிளேவ் எனும் நீராவிக் கலனில் கிருமி நீக்கிய அடையாளத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ஊசி வழியே பரவுபவை. கேட்டதற்குக் கோபப்படும் கடையிலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

தேர்வறை முதல் ஆபரேஷன் தியேட்டர் வரை

தமிழ்நாட்டு மாணவிகளுக்கு முதல் தடை வேலைக்கு முன்பே வருகிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் காதணி, மூக்குத்தி, மோதிரம், வளையல், சங்கிலி எதற்கும் அனுமதி இல்லை. 2017-லிருந்து ஒவ்வொரு ஆண்டும் தேர்வு மைய வாசலில் மூக்குத்தியைக் கழற்ற முடியாமல் பெண்கள் தவிப்பதும், பெற்றோர் உதவப் போராடுவதும் செய்தியாகின்றன. தேர்வுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் செப்டம் குத்திக்கொள்வது துளையையும் நிம்மதியையும் சேர்த்து இழக்க வழிசெய்வதாகும். தேர்வு முடிந்த மறுநாள் குத்திக்கொண்டால் கல்லூரி திறப்பதற்குள் பெரும்பாலும் ஆறிவிடும்.

மருத்துவமனைக்குள் போனால் விதிகளுக்குக் காரணம் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் நகை கழன்று விழலாம். மூக்கைத் தொட்ட கை புண்ணைத் தொடலாம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும் கழற்றிவிட்டுப் போவதே நடைமுறை. மனநலப் பிரிவிலோ அவசர சிகிச்சையிலோ கலங்கிப்போன நோயாளி வளையத்தைப் பற்றி இழுத்தால் நடுச்சுவர் கிழியும். உணவுத் தொழிற்சாலையிலும் கதை இதுதான்: உணவைக் கையாளுபவர் நகை அணியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. சுழலும் இயந்திரத்தருகே நிற்கும் பொறியாளருக்கும் இதில் வாதமில்லை. காரணம் சொல்லக்கூடிய விதிக்குக் கட்டுப்பட வேண்டும்.

வழக்கறிஞர் தொழிலில் எழுதப்பட்ட விதி வேறு மாதிரி. இந்திய பார் கவுன்சிலின் உடை விதிகள் கறுப்புக் கோட்டையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையையும் நுணுக்கமாக வரையறுக்கின்றன. மூக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தமிழ்நாடு அரசு 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை ஆணையும் சேலை, சுடிதார், வேட்டி, சட்டை பற்றியதுதான். அதற்கு மாறாக ஹரியானா அரசு 2023-ல் அரசு மருத்துவமனை ஊழியர்களுக்குக் கொண்டுவந்த விதி விசித்திரமான முடி அலங்காரம், கனத்த நகை, நீண்ட நகம் எல்லாவற்றையும் தடுத்தது. தணிக்கை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் ஐ.டி. நிறுவனங்களிலும் பெரும்பாலும் எழுதப்படாத விதிதான் ஆட்சி செய்கிறது. “ஃபார்மலாக வாருங்கள்” என்ற ஒரு வரிக்குள் என்னென்ன அடக்கம் என்பதை யாரும் விளக்குவதில்லை. எழுதப்படாத விதியே ஆபத்தானது. மேலாளரின் விருப்பு வெறுப்புக்கேற்ப அது நீளும், சுருங்கும்.

இந்த வெறுப்பு கற்பனையல்ல. அமெரிக்க ஆய்வாளர்கள் சீட்டரும் சாண்ட்ரியும் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்கு விண்ணப்பிப்பவரின் படம் நகையில்லாமல், காதணியோடு, மூக்கு வளையத்தோடு எனப் பல விதமாகக் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் அழகில் வேறுபாடு காணவில்லை. நம்பகத்தன்மைக்கும் வேலைக்கு எடுக்கலாமா என்பதற்கும் மூக்கு வளையத்தோடு இருந்தபோது குறைவாக மதிப்பெண் போட்டார்கள். மனிதர் மாறவில்லை, வளையம் மட்டும்தான் மாறியது.

நீதிமன்றம் ஏறிய மூக்குகள்

மூக்கணி பற்றிய உலகின் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் வீட்டிலிருந்து பிறந்தது. 1860-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகம் வழியே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே குவாசுலு-நட்டாலில் வாழ்கிறார்கள். அந்த மாகாணத்தின் டர்பன் நகரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்த மாணவி 2004-ல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தார். காதுக்கு ஒரு சிறு தோடு தவிர நகை கூடாது என்பது பள்ளி விதி. பெண் பருவமடைந்ததும் மூக்குத்தி அணிவது தங்கள் தென்னிந்தியக் குடும்ப வழக்கம் என்று தாய் கடிதம் எழுதினார். பள்ளி ஏற்கவில்லை. சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2007 அக்டோபர் 5-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தலைமை நீதிபதி பயஸ் லங்காவின் தீர்ப்பில் பள்ளி செய்தது நியாயமற்ற பாகுபாடு என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் சாரம் நுட்பமானது. மதம் கட்டாயப்படுத்தாத வழக்கம் என்றாலும், ஒருவர் தன் பண்பாட்டின் பகுதியாக மனதார ஏற்று விரும்பிச் செய்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு. அந்த மாணவி அணிந்தது மடல் மூக்குத்திதான்; ஆனால் அந்த வாதம் புல்லாக்குக்கும் பொருந்தாமல் போகாது. பண்பாட்டோடு தொடர்பில்லாத வெறும் அலங்காரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அமெரிக்காவில் முடிவு வேறு. மாசசூசெட்ஸில் கோஸ்ட்கோ கடையில் கேஷியராக இருந்த பெண், உடல் மாற்றத்தையே வழிபாடாகக் கொண்ட ஒரு சபையின் உறுப்பினர். முக நகையைக் கழற்ற மறுத்ததால் 2001-ல் வேலை போனது. நிறமில்லாத ரிடெய்னர் போடலாம், அல்லது பிளாஸ்திரியால் மறைக்கலாம் என்று நிறுவனம் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கடையின் தோற்றத்தைக் காக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. மத நம்பிக்கைக்காக நிறுவனங்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதன் அளவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல் உயர்த்தியிருக்கிறது. ஆனாலும் ரசனைக்காக அணிபவருக்கு அதனால் பயனில்லை.

தொழிலை நோக்கிப் போகும் இளைஞர்கள் அறிய வேண்டியது கனடா வழக்கு. ஒட்டாவா மருத்துவமனை, ஊழியர்கள் பெரிய பச்சையை மறைக்க வேண்டும், கண்ணில் படும்படி அளவுக்கு மீறிய துளை நகைகள் கூடாது என்று விதி கொண்டுவந்தது. நோயாளிகள், குறிப்பாக முதியவர்கள், சங்கடப்படுகிறார்கள் என்பது அதன் வாதம். தொழிற்சங்கம் எதிர்த்தது. 2013-ல் நடுவர் அந்த விதியை நீக்கினார். நகையால் சிகிச்சை பாதிக்கப்பட்டது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. சிலரது முன்முடிவுக்காக ஊழியரின் உடல்மீது கட்டுப்பாடு போட முடியாது என்பது தீர்ப்பு. நோய்த்தொற்றையோ பாதுகாப்பையோ பற்றிய விதியாக இருந்தால் கதை வேறாகியிருக்கும். ரசனையையும் பாதுகாப்பையும் பிரித்துப் பார்த்த அந்தத் தெளிவு இந்திய அலுவலகங்களுக்கு உடனே தேவை. இங்கே தனியார் நிறுவனங்களில் மூக்கணியைப் பற்றித் தனியாகச் சட்டம் இல்லாததால் பணி ஒப்பந்தமும் ஊழியர் கையேடுமே சட்டம்.

எப்போது குத்துவது

நேர்முகத் தேர்வுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பாக, முடிந்தால் ஆறு மாதம் முன்பாக; அல்லது வேலை உறுதியாகி நிறுவனத்தின் பழக்கம் தெரிந்த பிறகு. நடுவில் குத்திக்கொள்வதுதான் தவறு. வீங்கிச் சிவந்த மூக்கோடு கேம்பஸ் தேர்வில் உட்கார்ந்தால், விருப்பமில்லாமல் அதைப் பற்றியே பேச வேண்டி வரும்.

ஆறிய துளை உள்ளவர் முதல் நேர்முகத்துக்கு ரிடெய்னரைத் திருப்பிக்கொண்டு போகலாம். இதைப் பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. வேலைக்கு எடுப்பவர் கேட்க வேண்டியது வேலையைப் பற்றித்தான். வேறு சிலர் வளையத்தோடே போகிறார்கள்: தன்னைத் தோற்றத்தால் எடைபோடும் இடத்தில் வேலை வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. வேறு வருமானமும் வேறு வாய்ப்பும் உள்ளவர்களுக்கு அது கைகூடும். கல்விக் கடன் கட்ட வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் அந்தத் துணிச்சலை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பணி ஆணை வந்ததும் கையேட்டைப் படித்து, தெளிவில்லாவிட்டால் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

நிறுவனங்களும் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பிரிவுகளும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த நகை எந்தப் பணியில் கூடாது என்பதை, அதற்கான காரணத்தோடு, விண்ணப்பிப்பதற்கு முன்பே எழுதி வெளியிட வேண்டும். எழுதிவைக்கும் அளவுக்குக் காரணம் கிடைக்காத விதியை நீக்கிவிட வேண்டும்.